கிராபியில் ஒரே ஒரு கடற்கரை நாள்: ரைலேயா, நான்கு தீவுகளா, ஹாங்கா, பீ பீயா?

தாய்லாந்துப் பயணத்தில் பாங்காக்குக்கு மூன்று நாள், புக்கெட்டுக்கு இரண்டு நாள் என்று ஒதுக்கிய பிறகு கிராபிக்கு மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு முழுப் பகல்தான். அந்தப் பகலை எங்கே கழிப்பது என்று கேட்டால், கிராபியின் கடற்கரை ஊரான ஆவ் நாங்கின் கடைத்தெருவில் பத்தடிக்கு ஒரு பயணச் சீட்டுக் கடை பதில் சொல்லும். ரைலே, நான்கு தீவுகள், ஹாங் தீவு, பீ பீ தீவுகள் என எல்லாப் பலகையிலும் அதே பச்சை நீர், அதே செங்குத்துச் சுண்ணாம்புப் பாறை, அதே நீள்வால் படகு. படத்தைப் பார்த்து முடிவெடுத்தால் நான்குக்கும் வேறுபாடே தெரியாது. போய்ப் பார்த்தால் ஒன்று கால் நீட்டிப் படுக்கும் நாள், இன்னொன்று எட்டு மணிநேரம் படகில் குலுங்கும் நாள்.

கடைக்காரரிடம் விலை கேட்கும் முன்பு இரண்டு விவரங்களைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்குக் கடல் எத்தனை மணிக்கு வற்றுகிறது? உங்கள் கூட்டத்தில் தண்ணீருக்கு மிகவும் அஞ்சுபவர், அல்லது முழங்கால் வலிக்காரர் யார்? இந்த இரண்டும் தெரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

வற்றமும் ஏற்றமும்

சென்னைக் கடற்கரையில் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும். மெரினாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டர் அளவுக்குத்தான் வரும்; அலை அடிக்கும் கரையில் அது கண்ணில் படுவதே இல்லை. அந்தமான் கடலின் கிழக்குக் கரையில் அமைந்த கிராபியில், பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி அது இரண்டரை மீட்டரைத் தாண்டும். அரைநிலா நாள்களில் ஒரு மீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். காலையில் படகு வந்து நின்ற இடத்தில் மாலையில் சேறும் பாறையும் தெரியும். கிராபியைப் பற்றிய குறைகளில் பாதி, போன நேரம் தவறாகிப் போனதால் வருபவை.

ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். கிராபியில் பௌர்ணமி, அமாவாசை நாள்களில் ஏற்றம் முற்பகல் 10, 11 மணியை ஒட்டியும், ஆழ்ந்த வற்றம் மாலை 4, 5 மணியை ஒட்டியும் வருவது வழக்கம். அதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு என்றால் வற்றம் பிற்பகல் 2, 3 மணிக்கு விழும். வீட்டு நாள்காட்டியில் பௌர்ணமி தேதியைப் பார்த்தாலே ஒரு கணக்குக் கிடைத்துவிடும். முன்பதிவு செய்யும் முன் 'ஆவ் நாங்' அல்லது 'கிராபி' என்று ஊர்ப் பெயர் போட்டு ஓத அட்டவணையை (ஏற்ற, வற்ற நேரங்களின் பட்டியலை) இணையத்தில் பார்த்து, அன்றைய மிகக் குறைந்த நீர்மட்டத்தின் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். புக்கெட் அட்டவணையும் பெரிதாகத் தவறாது.

இந்த மணி எதற்கு? நான்கு தீவுகள் பயணத்தின் உயிரே 'தலே வேக்' எனப்படும் மணல்திட்டு. தீவுகளுக்கு நடுவே கடல் விலகி, வெண்மணல் பாதை வெளிப்படும். அது வற்றத்தில் மட்டுமே தெரியும். முன்னும் பின்னும் ஒன்றரை மணிநேரம் வரை நடக்கலாம். ஹாங் தீவின் உயிரான உள்வாவிக்கு இதற்கு நேர்மாறான நீர் தேவை: பாறைச் சுவரில் இருக்கும் குறுகிய வாயில் வழியாகப் படகு நுழைய நடுத்தர ஏற்றமாவது இருக்க வேண்டும். ஒன்றுக்கு நல்ல நேரம் மற்றதற்குக் கெட்ட நேரம். ஆகவே 'எது அழகு' என்ற கேள்விக்கு முன்பாக 'என் தேதிக்கு எது பொருந்தும்' என்பதைத் தீர்க்க வேண்டும்.

ரைலேயும் ப்ரா நாங்கும்: சுற்றுலாவே இல்லாத நாள்

ரைலே தீவு அல்ல. நிலத்தோடு ஒட்டிய தீபகற்பம்தான். சுண்ணாம்புக் குன்றுகள் வழியை அடைத்து நிற்பதால் சாலை கிடையாது, படகில்தான் போக முடியும். ஆவ் நாங் கடற்கரைச் சாலையில் இருக்கும் படகுச் சீட்டுச் சாவடியில் ஆளுக்கு 100 பாட் கொடுத்தால் பகிர்வுப் படகு. எட்டுப் பேர் சேர்ந்ததும் கிளம்பும். பதினைந்து நிமிடத்தில் ரைலே மேற்கில் இறக்கிவிடும். மாலை 6 மணிக்கு மேல் கட்டணம் 150 பாட் ஆகும். ஒரு பாட் என்பது இரண்டரை முதல் மூன்று ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கணக்குப் போடலாம். போகவர இரண்டுக்கும் சேர்த்துச் சீட்டு வாங்கினால் திரும்பும் பாதியை நனையாத பையில் வையுங்கள்; ஈரத்தில் கரைந்த சீட்டுக்கு மறுபடி பணம் கட்ட வேண்டியிருக்கும். தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணம் இங்கே இல்லை என்பது பெரிய மிச்சம்.

காலை 8 மணிப் படகைப் பிடிப்பதில்தான் இந்த நாளின் வெற்றி இருக்கிறது. சுற்றுலாப் படகுகள் பத்தரை மணியிலிருந்து மூன்று மணி வரை, ரைலேயின் தென்பக்கம் உள்ள ப்ரா நாங் கடற்கரையில் ஆட்களைக் கொட்டும். அதற்கு முன் இரண்டு மணிநேரம் கடற்கரை கிட்டத்தட்ட உங்களுக்கே. ரைலே மேற்கில் இறங்கி, நடைத்தெரு வழியே பத்து நிமிடத்தில் ரைலே கிழக்குக்கு வந்துவிடலாம். கிழக்குப் பக்கம் குளிப்பதற்கான இடமில்லை. அலையாத்தி மரங்களும் சேறும்தான். வற்றத்தில் வாடையும் இருக்கும். அங்கிருந்து தெற்கே பாறையடியை ஒட்டிய நடைபாதையில் இன்னொரு பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால் ப்ரா நாங். கழிப்பறை வேலையையும் பணம் எடுக்கும் வேலையையும் ரைலேயிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

நடைபாதையில் குரங்குகள் காத்திருக்கும். பிளாஸ்டிக் பையின் சரசரப்பே அவற்றுக்கு அழைப்பு. உணவைப் பைக்குள் வைத்து இழுப்பட்டையை மூடுங்கள். குழந்தையின் கையில் பிஸ்கட் கொடுத்து நடக்க விடாதீர்கள். பறித்துக்கொண்டால் விட்டுவிட வேண்டும். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனையில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி தொடங்க வேண்டும். இதே பாதையில் காட்சிமுனைக்கும் மலைநடுக் குளத்துக்கும் ஏறும் வழி பிரியும். கயிற்றைப் பிடித்துச் செம்மண் சரிவில் ஏற வேண்டிய பாதை அது. ரப்பர் செருப்போடு ஏறக்கூடாது. முந்தைய நாள் மழை பெய்திருந்தால் ஏறவே கூடாது. கடற்கரை நாளில் இதைச் சேர்க்காமல் இருப்பதே நல்லது. களைத்துச் சேறாகி இறங்கி வந்தால் மிச்ச நாள் வீணாகிவிடும்.

ப்ரா நாங்கில் மணல் மாவு போலிருக்கும், அடிப்பரப்பு மெல்லச் சரியும், வறண்ட பருவத்தில் அலை இராது. நீச்சல் தெரியாதவர் இடுப்பளவு நீரில் நின்றபடி ஒரு மணிநேரம் கழிக்க இந்த வட்டாரத்தில் இதைவிடப் பொருத்தமான இடம் குறைவு. கிழக்கு ஓரத்தில் ஒரு குகை இருக்கிறது. மீனவர்கள் கடலுக்குப் போகும் முன் வணங்கும் இளவரசித் தெய்வத்தின் இடம் அது. காணிக்கையாக மரத்தில் செதுக்கிய லிங்க வடிவங்கள் குவிந்திருக்கும். சிலர் அதைப் பார்த்துச் சிரித்துப் படமெடுப்பதைக் காணலாம். வழிபாட்டிடம் என்ற மரியாதையோடு தள்ளி நின்று பார்ப்பதுதான் முறை. படகின் முனையில் கட்டிய வண்ணத் துணிகளும் அப்படித்தான்: படகைக் காக்கும் தெய்வத்துக்குக் கட்டியவை. முனையின் மேல் கால் வைத்து ஏறக்கூடாது, அதில் ஈரத் துண்டைக் காயப்போடக்கூடாது.

சாப்பாடு கரைக்கே மிதந்து வரும். நீள்வால் படகுகளையே சமையற்கூடமாக்கி, சுட்ட சோளம், சுட்ட கோழி, வறுத்த நூடுல்ஸ், இளநீர், மாம்பழச் சாறு எல்லாம் விற்கிறார்கள். ஆயிரம் பாட் தாளை நீட்டினால் சில்லறைக்குத் திண்டாடுவார்கள். நூறும் இருபதுமாக வைத்திருங்கள். சைவர்கள் ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டால் போதும்: 'ஜே'. முட்டை, மீன், இறைச்சி, பூண்டு, வெங்காயம் எதுவும் சேராத உணவுக்கு அதுதான் பெயர். மஞ்சள் துணியில் 17 என்ற எண்ணைப் போலச் சிவப்பு எழுத்து இருக்கும் கடை அது. மற்ற இடங்களில் 'காய்கறி மட்டும்' என்று கேட்டாலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள், அது அவர்களுக்கு உப்பு மாதிரி. 'மை சை நம் ப்லா' என்றால் மீன் சாறு வேண்டாம் என்று பொருள். பப்பாளிக் காய்ப் பச்சடியில் காய்ந்த இறால் இருக்கும். அதையும் சொல்லித் தவிர்க்க வேண்டும். கிராபியில் முஸ்லிம் மக்கள் கணிசமாக வாழ்வதால் ஹலால் உணவுக்கு அலைய வேண்டியதில்லை.

மூன்று மணிக்கு மேல் ரைலே மேற்குக்குத் திரும்பிவிடலாம். காலையில் கரையோர மரங்களின் நிழல் மணலில் விழும்; மாலையில் கடலுக்குள் சூரியன் இறங்கும். ஐந்தரை மணிக்குப் படகுத்துறைப் பக்கம் வந்து நில்லுங்கள். அந்தி பார்த்துவிட்டு ஏழு மணிக்கு வந்தால் எட்டுப் பேர் சேரக் காத்திருக்க வேண்டும், அல்லது முழுப் படகுக்குப் பணம் கொடுக்க வேண்டும்.

இதில் பிசகுவது ஒன்றுதான்: ஏறுவதும் இறங்குவதும். ஆவ் நாங்கிலும் ரைலே மேற்கிலும் துறைமேடை இல்லை. முழங்கால் முதல் தொடை வரை நீரில் நடந்து, ஆடும் சிறு ஏணியில் ஏற வேண்டும். ஆழ்ந்த வற்றத்தில் படகு இன்னும் தள்ளி நிற்கும், நீரில் நடக்கும் தூரம் கூடும். முதியவர்கள் இருந்தால் வழியை மாற்றுங்கள்: ஆவ் நாங்குக்குக் கிழக்கே உள்ள ஆவ் நம் மாவ் துறையிலிருந்து ரைலே கிழக்குக்குப் போகும் படகில் ஏறினால், அங்கே மிதவை மேடையில் காய்ந்த காலோடு இறங்கலாம். கிராபி நகரத் துறையிலிருந்தும் கிழக்குக்குப் படகு உண்டு. முக்கால் மணிநேரம் வரை ஆகும்.

நான்கு தீவுகள்: தேதி பொருந்தினால் இதுவே

போதா, கோழித் தீவு, துப், மோர் என்ற தீவுகளோடு பெரும்பாலும் ப்ரா நாங்கையும் சேர்த்து விற்கிறார்கள். கோழித் தீவின் முனைப் பாறை கோழிக் கழுத்து போல நீண்டிருப்பதால் அந்தப் பெயர். துப், மோர் இரண்டையும் கோழித் தீவோடு இணைப்பதுதான் தலே வேக் மணல்திட்டு. குழுப் பயணம் காலை 9 மணிக்குக் கிளம்பி மூன்று நான்கு மணிக்கு முடியும். பூங்காக் கட்டணம் வெளிநாட்டவருக்குப் பெரியவர் 200, குழந்தை 100 பாட். சீட்டு விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

குழுப் பயணத்தின் குறை, படகு மணல்திட்டுக்கு எப்போது போகும் என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது என்பதே. பௌர்ணமியன்று காலைப் பயணம் எடுத்தால் முற்பகலில் ஏற்றம். தலே வேக் இடுப்பளவு நீருக்கு அடியில் இருக்கும். பலகையில் பார்த்த படத்தைத் தேடி அலைவீர்கள். அதே தேதியில் பிற்பகல் பயணம் எடுத்தவர் கால் நனையாமல் நடந்து போவார்.

நான்கு பேருக்கு மேல் இருந்தால் தனிப் படகு எடுப்பதே சரி. ஆவ் நாங் படகோட்டிகள் சங்கச் சாவடியில் அரைநாள், முழுநாள் விலைகளைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். அரைநாள் சுமார் 2,000 பாட்டில் தொடங்கும். ஆளுக்கு அல்ல, படகுக்கு. படகோட்டியிடம் ஓத அட்டவணையைக் காட்டி, 'வற்றத்தின்போது தலே வேக்' என்று சொல்லிவிட்டால் மற்ற வரிசையை அவரே அமைப்பார். அந்தக் கடலை அவரைவிட அறிந்தவர் யாருமில்லை. எஞ்சியது போதாவின் நீண்ட கரை. அங்கே பகல் 11 முதல் 2 வரை குழுக்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு இறங்கும். அதற்கு முன் போதா, பின்பு மணல்திட்டு என்பது பிற்பகல் வற்ற நாள்களுக்கு நல்ல வரிசை.

கோழித் தீவுப் பாறையடியில் முகமூடி போட்டு மீன் பார்க்க நிறுத்துவார்கள். மாலத்தீவு அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள். பவளம் சுமார்தான், மீன் நிறையவே உண்டு. முகமூடிக்குள் நீர் புகுவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு: ஓரத்தில் சிக்கிய தலைமுடி, அல்லது மீசை. மீசையில் சிறிது வாசலின் தடவினால் கசிவு குறையும். உள்கண்ணாடியில் எச்சிலோ ஒரு சொட்டு குழந்தை ஷாம்பூவோ தேய்த்து அலசினால் மூட்டம் போடாது. நீச்சல் தெரியாதவர் படகிலிருந்து நேரே ஆழத்தில் இறங்கக்கூடாது. கரையில் இடுப்பளவு நீரில் முகமூடியோடு ஐந்து நிமிடம் வாயால் மூச்சு விட்டுப் பழகிய பிறகே மிதவைச் சட்டையோடு இறங்கலாம். பயத்தில் மூக்கால் இழுத்ததும் மூச்சுத் திணறுகிறது. விபத்துகள் பல அங்கேதான் தொடங்குகின்றன. மீனுக்கு ரொட்டி போடுவது பூங்காவுக்குள் தடை செய்யப்பட்டது, படகில் யாராவது கொடுத்தாலும் மறுத்துவிடுங்கள்.

பிற்பகலில் கிளம்பி, தீவுக் கரையில் இரவு உணவு முடித்து, இருட்டில் நீரொளி காட்டித் திரும்பும் 'ஏழு தீவுகள்' பயணமும் உண்டு. நிலவில்லாத நாள்களில் கையை அசைத்தால் நீர் நீலமாக மின்னும். பௌர்ணமியன்று அது தெரியவே தெரியாது. நீச்சல் தெரியாத கூட்டத்துக்கு இருட்டில் கடலில் இறங்கும் இந்தப் பயணம் வேண்டாம்.

ஹாங்: அமைதியை விரும்புபவர்களுக்கு

ஆவ் நாங்கிலிருந்து வடமேற்கே இருக்கும் ஹாங், தான் போக் கோரனி தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. நுழைவு பெரியவர் 300, குழந்தை 150 பாட். 'ஹாங்' என்றால் அறை. நான்கு பக்கமும் பாறைச் சுவர் எழுந்து நிற்க, நடுவே பச்சை நீர். சத்தம் போடாமல் படகு உள்ளே நகரும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே போகலாம். ஆனால் மேலே சொன்னபடி, ஆழ்ந்த வற்றத்தில் வாயிலோடு நின்றுவிட நேரும். காலை ஏற்றம் உள்ள நாள்கள், அதாவது பௌர்ணமி, அமாவாசையும் அதை ஒட்டிய ஓரிரு நாளும், ஹாங்குக்கு ஏற்றவை. தலே வேக்கைக் காலையில் பார்க்க முடியாமல் போகும் அதே நாள்கள்.

கடற்கரை இரட்டைப் பிறை போல வளைந்து, ஆழமில்லாமல், குளிக்கும் எல்லைக்குக் கயிறு கட்டி இருக்கும். குழந்தைகளுக்கு ப்ரா நாங்குக்கு அடுத்தபடி இதைச் சொல்லலாம். உச்சிக்கு 419 படிகள் கொண்ட இரும்புப் பாதை போட்டிருக்கிறார்கள். செங்குத்துதான் என்றாலும் பிடிமானம் உண்டு, மேலேயிருந்து தீவுக்கூட்டம் முழுதும் தெரியும். நடுப்பகலில் ஏறினால் இரும்புக் கைப்பிடி சுடும். வந்திறங்கியதும் முதலில் படி, பிறகு கடல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீள்வால் படகில் முக்கால் முதல் ஒரு மணிநேரம் ஆகும். இயந்திரச் சத்தம் காதைப் பிளக்கும். இந்தத் தூரத்துக்கு மட்டும் விரைவுப் படகு மேல்.

பீ பீ: ஒரே நாளில் வேண்டாம்

நான்கில் அதிகம் விற்பனையாவதும், ஒரு நாள் கடற்கரைக்கு மிகக் குறைவாகப் பொருந்துவதும் இதுதான். நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். விடுதியிலிருந்து அழைத்துப் போய்த் துறையில் காத்திருப்பு ஒரு மணிநேரம். விரைவுப் படகில் போக முக்கால் மணிநேரத்துக்கு மேல், வர அதே அளவு. நடுவில் ஐந்தாறு நிறுத்தங்களுக்கு இடையே ஓட்டம், பெரிய தீவான பீ பீ தோனில் கூட்டத்தோடு மதிய உணவு. மணலில் கால் பதிப்பது மாயா வளைகுடாவில் ஒரு மணிநேரமும், மூங்கில் தீவில் ஒரு மணிநேரமும் இருந்தால் அதிர்ஷ்டம்.

மாயா வளைகுடாவில் குளிக்க முடியாது என்பதைச் சீட்டு வாங்கும்போது பலரும் சொல்வதில்லை. கூட்டத்தாலும் நங்கூரங்களாலும் பவளம் நாசமானதால் 2018 ஜூன் மாதம் மூடி, 2022 ஜனவரியில் திறந்தார்கள். இப்போது படகுகள் பின்பக்கம் லோ சமா என்ற குடாவில் நிற்கும். மரப்பாதையில் நடந்து கரைக்கு வர வேண்டும். முழங்கால் அளவுக்கு மேல் நீரில் இறங்கினால் காவலர் விசில் அடிப்பார். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட், செப்டம்பரில் முழுமையாக மூடிவிடுகிறார்கள். இந்தக் கட்டுப்பாடு மிகச் சரியானது. கருந்துடுப்புச் சுறாக் குட்டிகள் கரையோரம் திரும்பி வந்திருக்கின்றன, அவற்றைப் பார்ப்பதே போகும் பயன். குளிக்கும் ஆசையோடு போனால் ஏமாற்றம்.

கட்டணம் பெரியவருக்கு 400, குழந்தைக்கு 200 பாட். படகுச் செலவு தனி. கர்ப்பிணிகள், முதுகுவலி உள்ளவர்கள் விரைவுப் படகில் போகக்கூடாது: காற்று எழும்பிய நாளில் படகு அலைமேல் அறைந்து அறைந்து விழும். முன்பக்க இருக்கையில் அடி அதிகம், பின்பக்கம் குறைவு. வாந்தி வருபவர் கிளம்புவதற்கு அரை மணிநேரம் முன்பே மாத்திரை போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் நிற்காது. பீ பீ மீது உண்மையான ஆசை இருந்தால் ஓர் இரவு பீ பீ தோனில் தங்கி, விடிந்ததும் அங்கிருந்தே நீள்வால் படகில் போங்கள். அது அருமையான நாளாக அமையும்.

செலவை அடுக்கிப் பார்த்தால்

இரண்டு பெரியவர், இரண்டு குழந்தைகள் என்று வைப்போம். ரைலேக்குப் போகவர, குழந்தைகளுக்கும் முழுக் கட்டணம் போட்டாலும் 800 பாட். சாப்பாடு, இளநீர் எல்லாம் சேர்த்தாலும் 2,000-க்குள் முடியும். தனிப் படகில் நான்கு தீவுகள் என்றால் படகுக்கு 2,000 முதல் 3,000 வரை, பூங்காவுக்கு 600. ஹாங் பூங்காவுக்கு 900, பீ பீக்கு 1,200 பூங்காக் கட்டணம் மட்டுமே. அதன்மேல் ஆளுக்கான படகுச் செலவு, ஹாங்கைவிட பீ பீக்கு எப்போதும் கூடுதல். பீ பீக்குப் போகும் பணத்தில் ரைலேக்கு மூன்று நாள் போய்வரலாம்.

எங்கள் முடிவு இது. நீச்சல் தெரியாதவர்களோ முதியவர்களோ இருக்கும் குடும்பத்துக்கு, எந்தத் தேதியாக இருந்தாலும், ரைலேயும் ப்ரா நாங்கும். பிற்பகல் 1 முதல் 4 மணிக்குள் நல்ல வற்றம் விழும் நாளில், நாலைந்து பேர் இருந்தால், தனிப் படகில் போதாவும் தலே வேக்கும். பௌர்ணமி, அமாவாசை நாள் காலைக்கு ஹாங். தேதியும் பொருந்தாமல் குழம்பினால் மறுபடியும் ரைலே: அங்கே ஏற்றத்திலும் வற்றத்திலும் செய்ய ஏதாவது இருக்கும்.

எதைத் தேர்ந்தாலும்

நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் இந்தக் கடலின் பருவம். பிப்ரவரி, மார்ச் மிக அமைதி. அரையாண்டு விடுமுறையில் வந்தால் கடல் நன்றாக இருக்கும், விடுதி விலை உச்சத்தில் இருக்கும். கோடை விடுமுறைக்காரர்கள் ஏப்ரலிலேயே வந்துவிடுவது நல்லது. மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேராக இந்தக் கரையில் மோதும். அந்த மாதங்களில் மட்டும்தான் முடியும் என்றால் கிராபியை விட்டுவிட்டுக் கிழக்குக் கரையில், தாய்லாந்து வளைகுடாவில் உள்ள சமூயித் தீவைப் பாருங்கள். 2025 மே முதல் தாய்லாந்துக்குள் நுழைய இணைய வருகை அட்டை கட்டாயம். வந்திறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் அரசுத் தளத்தில் இலவசமாகவே நிரப்பலாம்.

வெயிற்காப்புக் களிம்பு வாங்கும்போது பின்பக்கம் படியுங்கள். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்தவை கடல்சார் தேசியப் பூங்காக்களில் 2021 ஆகஸ்ட் முதல் தடை. தண்டம் ஒரு லட்சம் பாட் வரை போகலாம். துத்தநாக ஆக்ஸைடு உள்ளதை வாங்குங்கள். உடல் முழுக்கப் பூச ஒருவருக்கு ஒரு தடவைக்கு 30 மில்லி, இரண்டு மணிநேரத்துக்கு ஒரு முறை என்றால் 100 மில்லி குப்பி ஒரே பகலில் தீர்ந்துவிடும். முழுக்கை நீச்சல் சட்டை போட்டுக்கொண்டால் களிம்பு பாதி போதும். பருத்திச் சுடிதாரும் புடவையும் நனைந்தால் கனத்துக் காலைச் சுற்றும், ஏணியில் ஏறும்போது வழுக்கிவிடும். அடக்கமாக உடுத்த விரும்புவோருக்கு சீக்கிரம் காயும் பாலியஸ்டர் முழுக்கால் உடை தோதானது. பத்து லிட்டர் நனையாப் பை ஒன்று, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், பாறையும் சிப்பியும் கிழிக்காத ரப்பர் காலணி. இவை இருந்தால் போதும்.

சொறிமீன் பட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். கடற்கரைக் கம்பங்களில் வினிகர் குப்பி வைத்திருப்பார்கள். குறைந்தது 30 வினாடி தொடர்ந்து ஊற்ற வேண்டும். மூச்சு முட்டினாலோ மயக்கம் வந்தாலோ உடனே மருத்துவமனை.

சிவப்புக் கொடி ஏற்றியிருந்தால் வானம் எவ்வளவு நீலமாக இருந்தாலும் இறங்கக்கூடாது. படகுகள் நின்றுவிட்டால் கடைக்காரரிடம் பணத்தைத் திரும்பக் கேளுங்கள், 'நாளைக்குப் போகலாம்' என்ற சீட்டு மாற்றத்துக்கு நாளை ஊர் திரும்புபவர் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. அந்த நாளை வீணாக்கவும் வேண்டாம். கிராபி நகரத்துக்குத் தென்கிழக்கே கிளாங் தோம் வட்டாரத்துக்குச் சாலை வழியே போகலாம். காட்டு நடுவே படிப்படியாக வழியும் வெந்நீர் அருவியில் மழையிலும் உட்கார்ந்திருக்கலாம். பழங்காலப் பாசிமணிகள் ஏராளமாகக் கிடைத்த துறைமுக ஊர் கிளாங் தோம். அங்கே கிடைத்த சிறிய உரைகல் ஒன்றில் தமிழ்-பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்திருக்கிறது. கி.பி. 3, 4-ஆம் நூற்றாண்டில் பொன் உரசிப் பார்க்கத் தமிழ்ப் பொற்கொல்லர் ஒருவர் கொண்டுவந்த கல். கிளாங் தோம் பௌத்தக் கோயிலின் அருங்காட்சியகத் தொகுப்பைச் சேர்ந்தது; கிளம்பும் முன் விடுதியில் சொல்லித் தொலைபேசியில் திறப்பு நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.